காத்திவாக்கத்தின் கோரிக்கை ஒரே கட்சியால் நிறைவேறுமா?

2023 டிசம்பரை காத்திவாக்கம் மறக்காது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியில் இருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறலோடு வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள்.

சரி, இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதிகாரம் யார் கையில்?

மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் காமராஜர் துறைமுகமும் ஒன்றிய அரசின் கீழ். அனல்மின் நிலையங்களில் சில மாநில மின்துறையின் கீழ். உரத் தொழிற்சாலை தனியாருடையது. அதைக் கண்காணிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கழிமுகத்தின் தென்கரை திருவொற்றியூர் சட்டமன்றத் தொகுதி, வட சென்னை மக்களவைத் தொகுதி. வடகரையோ பொன்னேரி, திருவள்ளூர். மீனவருக்கு ஆறு ஒன்றுதான், எம்.எல்.ஏ. இரண்டு பேர், எம்.பி. இரண்டு பேர்.

அதனால் எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் தனியாக முட்டி மோதிப் பயனில்லை.

கட்சி தாண்டி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 டிசம்பர் 9 அன்று தி.மு.க. அரசு பேரவையில் தீர்மானம் கொண்டுவந்தது. காரசார வாக்குவாதம் நடந்தது, ஆனாலும் அ.தி.மு.க. ஆதரித்தது. பிறகு ஊர்க்காரர்களை டெல்லிக்கு அழைத்துப்போய் ஒன்றிய அமைச்சரைச் சந்திக்க வைத்தது பா.ஜ.க. 2025 ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. வெற்றிக்கு ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். கொண்டாடட்டுமே, ஊர் தப்பித்ததா இல்லையா?

எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும்?

கேள்வி நேரமும் கவன ஈர்ப்புத் தீர்மானமும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் உண்டு. 2022 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின், தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளை அனுப்பச் சொல்லி எதிர்க்கட்சியினர் உட்பட எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். சாலை, வடிகால் போன்றவற்றுக்கு இப்படிப்பட்ட வழி உதவும். கழிமுகத்தைக் காப்பாற்ற இது போதாது. அதற்கு இரு கரைப் பிரதிநிதிகளும் ஒரே கோரிக்கையில் கையெழுத்திட்டு, சென்னையிலும் டெல்லியிலும் ஒரே குரலில் பேச வேண்டும்.

திருவொற்றியூர் 2011இல் அ.தி.மு.க.வையும், 2016லும் 2021லும் தி.மு.க.வையும் தேர்ந்தெடுத்தது. ஆள் மாறினாலும் சாம்பலும் எண்ணெயும் மாறவில்லை. இனி ஓட்டு கேட்டு வருபவரிடம் "நீங்க எந்தக் கட்சி?" என்பதோடு நிறுத்தாமல், "எதிர்க்கட்சிக்காரரோட சேர்ந்து எங்களுக்காக எதுல கையெழுத்துப் போட்டீங்க?" என்றும் கேட்கலாம்.