இணையத்தில் அறிவியல்: சேரிப் பிள்ளை எந்தப் பக்கத்தைத் திறப்பது?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டிய இடத்தில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. ‘டைனோசர் முட்டைகள்’ என்று யாரோ கைப்பேசியில் படத்தோடு பரப்ப, செய்தி மாநிலம் முழுக்க ஓடியது. நிலவியல் அறிந்தவர்கள் அவை முட்டைகள் அல்ல என்றார்கள். அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரியைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகிய கற்கள் அவை. முட்டைச் செய்தி போன தூரத்தில் பாதிகூட அந்த விளக்கம் போகவில்லை. மக்கள் நம்பியதிலும் தப்பில்லை. 2009-இல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருந்தது.

விக்கிரமங்கலத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு தலித் மாணவி, ‘நம் பக்கத்தில் கிடைத்தது முட்டையா, கல்லா?’ என்று தெரிந்துகொள்ள விரும்பினால் என்ன செய்வாள்? யூடியூபைத் திறந்து தமிழில் தட்டுவாள். சிவப்பு அம்புக்குறியும் அலறும் தலைப்பும் போட்ட இருபது காணொளிகள் வரிசையாக வந்து நிற்கும். எதை நம்புவது என்று சொல்ல அவள் வீட்டில் ஆள் கிடையாது.

நகரத்துப் பிள்ளைக்கும் இதே இணையம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இணையம் ஒன்றுதான், அதற்குக் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கைப்பேசி. பகலில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பி வந்ததும் முதலில் அண்ணன் கைக்குப் போகும். பெண் பிள்ளைக்குக் கிடைப்பது மீதமுள்ள ஒரு மணி நேரமும் அன்றைய டேட்டாவில் மிஞ்சியதும்தான். அந்த ஒரு மணி நேரம் தவறான காணொளியில் போனால் அன்றைய படிப்பே போயிற்று. பொறியாளர் சித்தப்பாவும் டியூஷன் ஆசிரியரும் உள்ள பிள்ளை நாலு மணி நேரம் வீணடித்தாலும் யாராவது திருத்திவிடுவார்கள். அதனால், நல்ல பக்கங்களை முன்கூட்டியே தேடிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதை நாம் சமூகநீதிப் பணியாகவே பார்க்கிறோம்.

பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகத்தைத்தான் எடுத்துப் படித்தார். அன்று கதவைச் சாத்தினார்கள். இன்று ஆயிரம் கதவுகள் திறந்து கிடக்கின்றன. எது படிப்பறைக்குப் போகிறது, எது சந்தைக்குப் போகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

முதல் பக்கம் பள்ளிப் பையிலேயே இருக்கிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புக் குறி அச்சிடப்பட்டிருக்கிறது. அதுதான் கியூஆர் குறியீடு. திக்‌ஷா செயலியில் அதைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். இதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத மாணவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் வகுப்புகள் யூடியூபிலும் உள்ளன. கரும்பலகையை அப்படியே திரைக்கு மாற்றியதுபோலச் சில வகுப்புகள் நீண்டு அலுப்பூட்டும் என்பது உண்மை. ஆனால் நம் பாடத்திட்டம், நம் மொழி. 2023-இல் பள்ளிக் கல்வித்துறை கொண்டுவந்த மணற்கேணி செயலி அதைவிட மேல். பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, படம் அசைய விளக்கி, முடிவில் கேள்வியும் கேட்கிறது. ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் பிள்ளைக்கு இதுதான் பொருந்தும்.

செய்து பார்க்க வேண்டியதை என்ன செய்வது? பல பள்ளிகளில் ஆய்வகச் சாவி ஒருவரிடம், அலமாரிச் சாவி இன்னொருவரிடம். இங்கேதான் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஃபெட்’ தளம் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் பி, எச், இ, டி என்று தட்டினால் வந்துவிடும். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-இல் தொடங்கியது, முழுவதும் இலவசம். மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மின்கலம், கம்பி, விளக்கு எல்லாவற்றையும் விரலால் இழுத்து இணைத்தால் எலக்ட்ரான்கள் ஓடுவது தெரியும். மின்கலங்களைக் கண்டபடி கூட்டினால் தீப்பிடித்து எரியும், திரைக்குள்தான்! பயந்து பயந்து தொட்ட பிள்ளை பத்து முறை எரித்துப் பார்த்துவிட்டு மின்தடை என்றால் என்ன என்று தானே சொல்லும். பல செய்முறைகள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஒருமுறை பதிவிறக்கினால் போதும், பிறகு இணையமே தேவையில்லை. பத்தாவது முடித்த ஓர் அண்ணனோ அக்காவோ தன் கைப்பேசியில் இறக்கிவைத்தால் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆகும்.

திரையே வேண்டாம், கையால் செய்யலாம் என்பவர்களுக்கு அரவிந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐஐடியில் படித்தவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீப்பெட்டி, ஸ்ட்ரா, பழைய சைக்கிள் டியூப், உடைந்த பேனா என்று நாம் குப்பையில் போடுவதைக் கொண்டே அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தருகிறார். அவர் தளத்தில் தமிழ்ப் புத்தகங்களும் தமிழ்க் குரலோடு காணொளிகளும் உள்ளன. காசில்லாதவர் வீட்டுக்கென்றே செய்ததுபோன்ற பாடம் அது.

இதையெல்லாம் தேடும்போது முதலில் இடிப்பது சொல். பாடநூலில் ‘உந்தம்’ என்று படித்த பிள்ளை அதைத் தட்டினால் கிடைப்பது கொஞ்சம். பாடநூல் தரும் ஆங்கிலக் கலைச்சொல்லையும் சேர்த்துத் தட்டினால் வாசல் பெரிதாகத் திறக்கும். அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் இரு மொழிச் சொற்களையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்கிறோம். பாடநூலில் இல்லாத சொல்லுக்குத் தமிழக அரசின் ‘சொற்குவை’ தளம் உண்டு. சொல்லில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் 2018 நீட் தேர்வை நினைத்துக்கொள்ள வேண்டும். தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கூடுதலாக வழங்க அந்த ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிழை செய்தவர்கள் ஒருவர், மதிப்பெண் இழந்தவர்கள் வேறொருவர்.

அரியலூர் மாவட்டத்தில் நீட் என்று எழுதிவிட்டு குழுமூரைக் கடந்துபோக முடியாது. சுமை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 2017-இல் மாநிலப் பாடத்திட்டத்தில் 1200-க்கு 1176 எடுத்தார். நீட்டில் 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போனார். செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். தன் பாடத்தை முழுதாகப் படித்த ஒரு பெண்ணிடம், பார்த்தேயிராத பாடத்திலிருந்து, பழகாத முறையில், பல்லாயிரம் ரூபாய் கட்டிப் பயிற்சி பெற்றவர்களோடு போட்டியிடு என்றார்கள். இன்று அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனாலும் நீட் இருக்கும்வரை பயிற்சி மையம் பணம் வாங்கிக் கொடுப்பதை நம் பிள்ளை பணமில்லாமல் எங்கே பெறுவது என்ற கேள்வியும் இருக்கும். இணையம் நீட்டுக்கு மாற்று என்று நாம் சொல்லவில்லை. நீட்டை எதிர்ப்பது வேறு வேலை, அதையும் விடப்போவதில்லை. தேர்வு நடக்கும் ஆண்டில் படிக்கும் பிள்ளை வெறுங்கையோடு போகக்கூடாது, அவ்வளவுதான்.

தேர்வுக்கு வெளியிலும் அறிவியல் இருக்கிறது, அதுவும் நம் காலடியில். அரியலூர் சாலைகளில் நாளெல்லாம் ஓடும் லாரிகள் ஏற்றிப்போகும் சுண்ணாம்புக்கல், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் மிச்சம். சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் மரம் சுமார் 12 கோடி ஆண்டு பழையது. வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் உள்ளது. 1860-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்த மண்ணின் கடலுயிரிகளை விவரித்து வெளியிட்ட தொகுதிகளை இன்று இணையத்தில் காசில்லாமல் திறக்கலாம். ஆங்கிலம் புரியாவிட்டாலும் படங்கள் புரியும். சுரங்கத்தில் கல் உடைத்த நம் ஆட்கள் எத்தனை பேர் அந்தச் சங்குகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டிருப்பார்கள்!

எந்தப் பக்கத்தையும் நம்புமுன் மாணவர்கள் மூன்று கேள்வி கேட்கட்டும். சொல்பவர் யார், எந்த நிறுவனம்? இன்னொரு நம்பத்தகுந்த இடத்திலும் இது இருக்கிறதா? முடிவில் எதையாவது விற்கிறாரா? திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் நின்றுவிடுகின்றன, நாசாவே சொல்லிவிட்டது என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றுகிறதே, அதை இந்த மூன்றிலும் போட்டுப் பாருங்கள். முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் அறிவியல் கருவிகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. ஆனால் பள்ளி மணி அடித்தபிறகு அவை பூட்டப்படுகின்றன, நம் பிள்ளைக்குப் படிக்க நேரம் கிடைப்பதோ அதற்குப் பிறகுதான். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களில் எத்தனை மாலையில் திறந்திருக்கின்றன? திறந்திருந்தாலும் பல இடங்களில் அவை ஊர்த்தெருவில். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் முதல்வர் அறிவித்தார், வரவேற்றோம். நலத்துறை விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயரும் வைத்தாயிற்று. அந்த விடுதி ஒவ்வொன்றிலும் இணைய வசதியோடு இரண்டு கணினிகளும், மாலையில் உடனிருந்து வழிகாட்ட ஒரு பட்டதாரியும் வேண்டும்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சி நூலகத்தை மாலை ஆறு முதல் எட்டு வரை திறக்க வேண்டும், ஒரு கணினியும் வைஃபையும் வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் எழுதிக் கொடுப்போம். மனுவின் நகலில் தேதியும் கையொப்பமும் வாங்கிவைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.