கையில் பிடித்துத்தான் அறிய வேண்டுமா?

நம்மில் பலர் சென்னைக்குப் போய்வரும் ரயில்கள் கடப்பா வழியாகத்தான் செல்கின்றன. அந்த மாவட்டத்து முட்புதர்க் காடுகளில் வாழும் ஒரு பறவைக்கு ஜெர்டான் கோர்சர் என்று பெயர். 1900-க்குப் பிறகு எவர் கண்ணிலும் படாததால், அழிந்தே போயிற்று என்று எண்ணியிருந்தார்கள். 1986 ஜனவரியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளூர்க்காரர் ஒருவர் இரவில் அதை உயிருடன் பிடித்துக் கொடுத்தார். பறவையியலார் பூரித்தனர். ஆனால் பிடிபட்ட பறவை சில நாட்களிலேயே இறந்துவிட்டது.

'அது கைக்கு வந்ததால்தானே நிரூபணம் கிடைத்தது, சரணாலயமும் வந்தது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2000-க்குப் பின் அதே பறவையைத் தேடிய ஆய்வாளர்கள், நம் தமிழர் ப. ஜெகநாதன் உட்பட, வேறு வழி கண்டார்கள். புதர்களுக்கிடையே மண்ணைப் பரப்பிச் சமன்செய்து காலடித் தடம் பார்த்தார்கள். தானியங்கிக் காமிராக்களை வைத்தார்கள். பறவையைத் தொடாமலே அதன் இருப்பிடம் தெரிந்தது. ரயில்வேயில் தண்டவாளத்தின் உள்விரிசலை அறிய நாங்கள் அதை அறுத்துப் பார்ப்பதில்லை. அல்ட்ராசானிக் கருவியை மேலே ஓட்டிப் பார்க்கிறோம். அதே தத்துவம்தான்.

பிடிப்பதே கூடாது என்பது என் வாதமல்ல. கோடியக்கரையில் பறவைகளை வலையில் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டதால்தான் வலசையைப் பற்றிப் பல விவரங்கள் கிடைத்தன. பயிற்சி பெற்றவர்கள் செய்தால் ஆபத்தும் குறைவே. அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த 22 அமைப்புகளின் பதிவுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஆய்வு, வலையில் பிடிபட்ட ஆயிரம் பறவைகளில் சுமார் 6 காயமடைவதாகவும் 2 இறப்பதாகவும் கூறுகிறது.

ஆனால் இது சராசரிக் கணக்கு. பூநாரை, கானமயில் போன்ற நெடுங்கால் பறவைகள் திமிறும் அதிர்ச்சியில் தசை சிதைந்து, விடுவித்த பிறகு எங்கோ போய் இறப்பதுண்டு. அந்தச் சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மேலும், லட்சக்கணக்கில் உள்ள உள்ளானில் இரண்டு போவது வேறு. காட்டில் இருநூறுக்கும் குறைவாக எஞ்சியுள்ள கானமயிலில் ஒன்று போவது வேறு.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பிடிப்பதற்கு அனுமதி வேண்டும். அது மட்டும் போதாது. ரயில் விபத்தில் பயணி இறந்தால் விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவரல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் உள்ளவர். தன் தவற்றைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆய்வில் இறக்கும் ஒவ்வொரு பறவைக்கும் அப்படியொரு வெளியார் விசாரணையும், பகிரங்க அறிக்கையும் வேண்டும்.

பிக்வானில் பூநாரை பார்த்துவிட்டு வரும் நம் பிள்ளைகளில் சிலர் நாளை இத்துறைக்குப் போகக்கூடும். 'தொடாமல் அறிய வழியுண்டா?' என்று முதலில் கேட்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். இல்லை என்று உறுதியான பிறகே கை நீளட்டும்.