ஒப்பந்தம் யாருக்கு வேதம்?

"போட்ட கையெழுத்தை மாற்றச் சொல்வதா? ஒப்பந்தத்தின் புனிதம் என்னாவது? முதலீடு ஓடிப்போகுமே!" எந்த அரசு எந்தக் கம்பெனியை மறுபேச்சுக்கு அழைத்தாலும் இந்த ஓலம் கிளம்புகிறது. ஆலை முதலாளி கூலி ஒப்பந்தத்தைக் காற்றிலே பறக்கவிடும்போது மட்டும் இந்தப் புனிதவான்களின் வாய்க்குப் பூட்டு!

தோழர்களே, பொலிவியாவைப் பாருங்கள். தென் அமெரிக்க நாடு அது. மண்ணுக்கடியிலே எரிவாயு, மண்ணுக்கு மேலே வறுமை. 1996-ல் வந்த சட்டம், 'புதிய வயல்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவற்றிலே நாட்டுக்கு நூற்றுக்கு 18 பங்கு உரிமைத்தொகை போதும் என்றது. அந்நியக் கம்பெனிகள் கையெழுத்திட்டன. மண்ணுக்குரிய மக்களை யார் கேட்டார்கள்? அரசியல் சட்டம் கோரும் நாடாளுமன்ற ஒப்புதலைக்கூட அவை பெறவில்லை என்பது பின்வந்த அரசின் வாதம்.

2003 அக்டோபரிலே மக்கள் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கி பேசியது, 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஜனாதிபதி சான்செஸ் டி லொசாடா பதவியைத் துறந்து அமெரிக்காவுக்குப் பறந்தார். 2005-ல் புதிய சட்டம் பிறந்தது. 18-உடன் 32 சதவீத வரியும் சேர்ந்தது.

2006 மே தினம். கோக்கா விவசாயிகளின் சங்கத் தலைவராயிருந்து ஜனாதிபதியான ஈவோ மொராலெஸ் ஆணை பிறப்பித்தார்: 180 நாட்களுக்குள் புதிய ஒப்பந்தம், இல்லையேல் வெளியேறு! பெரிய வயல்கள் இரண்டிலே, இடைக்காலத்தில், நாட்டுக்கு 82 பங்கு. வயல்களுக்குப் பட்டாளமும் போயிற்று.

முதலீடு ஓடியதா? இல்லை! அக்டோபர் முடிவதற்குள் பிரேசிலின் பெட்ரோபிராஸ், ஸ்பெயினின் ரெப்சோல், பிரான்சின் டோட்டல் எல்லாம் புதிய தாளிலே கையெழுத்திட்டன. கிடைக்கும் லாபத்தை விட்டு ஓடுகிற முதலாளி எங்கே இருக்கிறான்? வந்த பணம் முதியோர் உதவித்தொகைக்கும் உதவிற்று.

ஆனால் வெற்றிக் களிப்பிலே ஒன்றை மறக்கக்கூடாது. புதிய வயல்களைத் தேடும் வேலை பின்தங்கியது. 2015-க்குப் பிறகு உற்பத்தி சரிந்தது. 2023-க்குப் பின் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள். பங்கைக் கூட்டினால் போதாது; பானையையும் நிரப்ப வேண்டும்!

ஆகவே மறுபேச்சு குற்றமல்ல. மூடிய அறையிலே பேசுவதே குற்றம். பழைய ஷரத்து, புதிய ஷரத்து, வரும் பணம், அது போகும் வழி: அத்தனையும் மக்கள் மன்றத்துக்கு வரட்டும். மக்கள் அறியாத ஒப்பந்தம் மக்களைக் கட்டாது. மக்கள் காவல் நிற்காத புதிய ஒப்பந்தமும் நிலைக்காது!