ஊசியிலும் வருணாசிரமமா?

தொற்று நோய்க்கு ஜாதி தெரியாது, பணக்காரன் ஏழை தெரியாது என்று 2020-ம் வருஷத்தில் எல்லோரும் சொன்னார்கள். மந்திரிகள் சொன்னார்கள், மடாதிபதிகள் சொன்னார்கள், பத்திரிகைக்காரர்கள் தினமும் எழுதினார்கள். நோய்க்குத் தெரியாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்நோய்க்குத் தடுப்பு ஊசி வந்தபோது, யாருக்கு முன்னே குத்துவது யாருக்குப் பின்னே குத்துவது என்று ஜாபிதா எழுதினார்களே, அவர்களுக்கும் தெரியாமலா இருந்தது என்பதே நமது கேள்வியாகும்.

"கொரோனாதான் போய்விட்டதே, இப்போது இந்தப் பழங்கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கடன் கொடுத்தவன் பழங்கணக்கைப் பார்க்காமல் இருப்பானா? குப்பை வாரியவர்களும், ஆஸ்பத்திரித் தரையைக் கழுவியவர்களும், பிணத்தைத் தூக்கியவர்களும் இந்த நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. அன்றியும், அடுத்த தொற்று நோய் வராது என்று எந்த ஜோசியன் சொன்னாலும் நாம் நம்பத் தயாராயில்லை.

முதலில் அவர்களுக்கு நடந்த மரியாதைகளைப் பார்ப்போம். 2019-ல் கும்பமேளாவில் பிரதம மந்திரியார் துப்புரவுத் தொழிலாளிகளின் காலைக் கழுவினார். 2020 மார்ச் 22-ந் தேதி நாடு முழுவதும் தட்டையும் கிண்ணத்தையும் தட்டி நன்றி சொல்லப்பட்டது. மே 3-ந் தேதி ஆகாய விமானப் படையார் ஆஸ்பத்திரிகளின் மேல் பூமாரி பொழிந்தார்கள். புராணத்தில் தேவர்கள் பூமாரி பொழிவதைக் கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு அந்த அசுரனை வதைத்தவனுக்குச் சம்பளம் கூடிற்றா என்று எந்தப் புராணத்திலும் சொல்லப்படவில்லை. நம் நாட்டிலும் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' என்று மாறிற்று. பெயர் மாறியதே தவிர, துடைப்பமும் காண்டிராக்டும் மாறவில்லை.

பிறகு 2021 ஜனவரி 16-ந் தேதி ஊசி வந்தது. டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கே நாட்டின் முதல் ஊசி போடப்பட்டது. அந்தப் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதை நாம் குறை சொல்லவில்லை. நோயின் வாயில் நிற்பவனுக்கு முதல் ஊசி என்பது பகுத்தறிவுக்குப் பொருத்தமான முறைதான். வைத்தியத் துறையில் சுமார் 1 கோடிப் பேர், போலீசு, நகர சுத்தி, ரெவின்யூ முதலிய முன்களத்தில் சுமார் 2 கோடிப் பேர், அதற்குப் பிறகு வயோதிகரும் வியாதியஸ்தரும் என்று வகுத்த வரிசையிலும் தவறில்லை. சரக்குக் குறைவாயிருக்கும்போது வரிசை இருந்தே தீரவேண்டும். நாம் சண்டை போடுவது வரிசையோடு அல்ல. அந்த வரிசையில் ஏறுவதற்கு வைத்த வாசற்படியோடு.

அந்த வாசற்படி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கணக்குக்காக ஒரு அம்மாளை எடுத்துக்கொள்ளுவோம். திருப்பருத்திக்குன்றம் என்றாவது பிள்ளையார்பாளையம் என்றாவது வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் தறிக்குழியில் உட்கார்ந்து முழங்கால் போனவன். பட்டில் வரும் கூலி போதாமல் அம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் காண்டிராக்டரிடம் கூலிக்குப் போகிறாள். வயது 40. எட்டு வருஷமாய்ச் சர்க்கரை வியாதி. நோயாளிகள் துப்பியதைத் துடைப்பது இவள் வேலை. இவளுக்கு ஊசி எப்போது?

ஜனவரியில் முன்களத்தார் ஜாபிதா அந்தந்த ஸ்தாபனம் எழுதிக் கொடுப்பதாக இருந்தது. ஸ்தாபனத்தாருக்குத் தெரிந்தவன் காண்டிராக்டர். இவளைத் தெரிந்தவன் மேஸ்திரி. மேஸ்திரி பெயர் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இல்லை என்றே வைத்துக்கொள்ளுவோம். மார்ச் 1-ந் தேதி 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 45 முதல் 59 வரை வயதுள்ள வியாதியஸ்தர்களுக்கும் வாசல் திறந்தது. இவளுக்கு 40. ஆகவே இல்லை. சரி, வயதை 47 என்று கூட்டித்தான் பார்ப்போமே! அப்போதும் இல்லை. ஏன் தெரியுமா? சர்க்கார் வெளியிட்ட 20 வியாதிகளின் அட்டவணையில் வெறும் சர்க்கரை வியாதி கிடையாது. சர்க்கரை வந்து 10 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கவேண்டும், அல்லது அதனால் வேறு உபத்திரவம் உண்டாகியிருக்கவேண்டும். அதோடு இரத்தக் கொதிப்புக்கும் மருந்து சாப்பிடவேண்டும். எட்டு வருஷம் போதாது! இன்னும் இரண்டு வருஷம் சர்க்கரையை வளர்த்து, கொதிப்பையும் வருவித்துக்கொண்டு, ஒரு டாக்டரிடம் சர்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டு வா என்பதே இதன் தாத்பரியம். தினக்கூலிக்காரி ஒருநாள் கூலியை விட்டு, டாக்டர் வீட்டு வாசலில் நின்று, பீஸ் கொடுத்து, "நான் வியாதிக்காரி" என்று எழுதி வாங்கவேண்டும். எழுதி வாங்கியதை மேஸ்திரி பார்த்தால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயம் வேறு. இந்தப் பயத்தை அட்டவணை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருப்பார்களா?

ஏப்ரல் 1-ந் தேதி 45-க்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்றார்கள். 40 வயதுக்காரிக்கு அதனால் ஒன்றுமில்லை. ஏப்ரல் 3-ந் தேதி மத்திய சர்க்கார் ஒரு கடிதம் போட்டது. வைத்தியத் துறையார், முன்களத்தார் என்ற பெயரில் இனிமேல் புதிதாக ஒருவரையும் பதியக்கூடாது என்பது அக்கடிதத்தின் சாரம். காரணம் என்னவென்றால், யோக்கியதை இல்லாதவர்கள் அந்தப் பெயரில் நுழைந்துவிட்டார்களாம். சில நாளுக்குள் ஜாபிதா நூற்றுக்கு 24 பங்கு பெருத்துவிட்டதாம். இருக்கலாம். செல்வாக்குள்ளவன் குறுக்கு வழியில் நுழைந்திருப்பான். ஆனால் திருடன் நுழைந்தான் என்பதற்காக வீட்டுக்காரியை வெளியே வைத்துக் கதவைத் தாழிடுவது எந்த ஊர் நியாயம்? மேஸ்திரி மறந்த பெயர் அன்றோடு மறந்த பெயராகவே போயிற்று.

மே 1-ந் தேதி 18-க்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று முரசு கொட்டினார்கள். சரக்கு இல்லை. தமிழ்நாட்டில் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு ஊசி தொடங்கியது மே 20-ந் தேதி. அதற்கு மறுநாள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் நோய் கண்டது. வெள்ளம் கழுத்துக்கு வந்த பிறகு ஓடம் வந்த கதைதான்.

அதுவும் கோவின் என்னும் கம்ப்யூட்டர் வாசல் வழியாக வரவேண்டும். அதில் முதலில் இங்கிலீஷ். ஜூன் மாதத்தில் இந்தியும் பிற மொழிகளும் சேர்த்தபோதுகூடத் தமிழைக் காணோம். கண்டனம் எழுந்த பிறகே சேர்த்தார்கள். கோயிலில் சமஸ்கிருதம், கோவினில் இங்கிலீஷ்; தமிழன் எங்கே போனாலும் தரகன் இல்லாமல் உள்ளே நுழையமுடியவில்லை. 18 முதல் 44 வயதுக்காரர்கள் காசு கொடுக்கவேண்டும் என்ற ஏற்பாட்டைச் சுப்ரீம் கோர்ட்டாரே 2021 மே 31-ந் தேதியிட்ட உத்தரவில் பார்த்த மாத்திரத்தில் நியாயமற்றது, அறிவுக்கு ஒவ்வாதது என்று கண்டித்தார்கள். ஜூன் 21 முதல்தான் எல்லோருக்கும் மத்திய சர்க்கார் செலவில் இனாம் ஊசி என்றாயிற்று.

இதில் காஞ்சிபுரத்தார் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 2019-ல் 40 வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எடுக்கும் அத்திமரப் பொம்மையை 48 நாள் வைத்துக் காட்டினார்களே, அங்கே என்ன நடந்தது? பொது வரிசை, பெரிய மனிதர் வரிசை, அதற்கும் பெரிய மனிதர் வரிசை, பாஸ் வரிசை என்று வகுத்தார்கள். கூலிக்காரன் வெயிலில் மணிக்கணக்காய் நின்றான். நெரிசலில் ஜனங்கள் செத்தார்கள். பெரிய மனிதன் காரில் வந்து இறங்கிப் பார்த்துவிட்டுப் போனான். மரக்கட்டையைப் பார்ப்பதற்கே நாலு வருணம் வைத்த தேசம், உயிர் காக்கும் மருந்துக்கு வைக்காமல் விடுமா? அந்த வரிசையை "சாமி காரியம்" என்று பொறுத்துக்கொண்டவன் இந்த வரிசையையும் "சர்க்கார் காரியம்" என்று பொறுத்துக்கொண்டான். இதே காஞ்சியில்தான் 1925 நவம்பரில் பெரியார் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டு, அது மறுக்கப்பட்டுக் காங்கிரசை விட்டு வெளியேறினார். அவர் கேட்டதும் ஜாபிதாவில் இடந்தான்.

நிற்க. இனித் தொழிலாளிகளின் பயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்களத்தாரிலேயே பலர் ஊசிக்குப் பின்வாங்கினார்கள். நமது தோழர்களில் சிலர் உடனே, "பார், மூடநம்பிக்கை!" என்று கேலி செய்தார்கள். நாம் அந்தக் கேலியில் சேரமாட்டோம். தனக்கு வியாதி இருக்கிறது, இந்த மருந்து தன் உடம்பில் என்ன செய்யும் என்று கேட்பது மூடநம்பிக்கையல்ல. அதுதான் பகுத்தறிவின் முதல் கேள்வி. கோவாக்சின் என்ற ஊசிக்கு 2021 ஜனவரி 3-ந் தேதி அனுமதி கொடுத்தபோது மூன்றாவது கட்டப் பரீட்சையின் முடிவு வெளிவரவில்லை. அதைப் போட்டுக்கொள்ள வந்தவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள். எந்த ஊசி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. அந்தக் கம்பெனியாரே ஜனவரியில் வெளியிட்ட விவரத்தாளில், இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுவோரும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும், அச்சக்தியைப் பாதிக்கும் மருந்து சாப்பிடுவோரும் இதைப் போட்டுக்கொள்ளாதிருப்பது நலம் என்று எழுதினார்கள். மார்ச் மாதத்திலோ அதே எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு முன்னுரிமை என்று சர்க்கார் அட்டவணை வந்தது. ஜனவரியில் விலகு, மார்ச்சில் முந்து! காரப்பேட்டைக் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒரு தொழிலாளி இந்த இரண்டில் எதை நம்புவான்? கர்ப்பிணியான நர்சுகள் நோயாளிகளின் நடுவில் வேலை செய்தார்கள்; கர்ப்பிணிகளுக்கு ஊசி போடலாம் என்ற அனுமதி வந்ததோ 2021 ஜூலை 2-ந் தேதி. அறிவு வளர வளர விதி மாறுவது விஞ்ஞானத்துக்குக் குறையல்ல. மாறிய காரணத்தைத் தொழிலாளிக்குத் தமிழில் சொல்ல ஒரு ஆளை நிறுத்தாததே குறை.

சொல்ல ஆளில்லாத இடத்தில் வதந்தி வந்து உட்காரும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ந் தேதி ஊசி போட்டுக்கொண்டு, 17-ந் தேதி மாரடைப்பால் காலமானார். ஊர் முழுதும் ஊசிதான் கொன்றது என்றது. ஊசியின் பின்விளைவுகளை ஆராயும் நிபுணர் குழு, அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிற்று; ஆனால் அதைச் சொல்லும்போது அக்டோபர் மாதம் ஆகிவிட்டது. பயம் இரண்டு நாளில் வந்தது. பதில் ஆறு மாதத்தில் வந்தது. கோவிஷீல்டு ஊசியால் மிக அபூர்வமாய்ச் சிலருக்கு இரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பது மெய். அதை மறைக்காமல் சொல்லி, அதைவிடப் பன்மடங்கு ஆபத்து நோயில்தான் உண்டு என்று கணக்கும் காட்டியிருந்தால் தறிக்காரனுக்குப் புரியாதா? ஒரு புடவைக்கு எத்தனை இழை என்று மனக்கணக்காய்ச் சொல்லுகிறவனுக்கு இந்தக் கணக்கா புரியாது?

கேலிக்கு உரியவர்கள் வேறே இருக்கிறார்கள். 2021 மே மாதம், நாட்டில் பிராணவாயு இல்லாமல் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, கோயமுத்தூர் இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தார் 'கொரோனா தேவி' என்று ஒரு கற்சிலை செய்து, 48 நாள் யாகம் என்று ஆரம்பித்தார்கள். (நம் ஊர் அத்திமரத்துக்கும் 48 நாள், கடவுள்களுக்கு இந்த எண்ணில் என்ன மோகமோ!) பெரியம்மைக்கு மாரியாத்தாள் என்றார்கள், ஆயிரக்கணக்கான வருஷம் கூழ் ஊற்றியும் அவள் மனம் இரங்கவில்லை. அம்மைப்பால் குத்தியபின் 1975-ம் வருஷத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. அந்த அம்மைப்பாலிலும் ஜாதி பார்த்தார்கள். ஒரு குழந்தையின் கையிலிருந்து பால் எடுத்து இன்னொரு குழந்தைக்குக் குத்திய 19-ம் நூற்றாண்டில், தாழ்த்தப்பட்டவன் பிள்ளையின் கைப்பால் எங்கள் பிள்ளைக்கு ஆகாது என்று மேல்ஜாதிக்காரர்கள் தடுத்த சரித்திரம் உண்டு. ஊசியில் வருணாசிரமம் புதிதல்ல என்பதற்காகச் சொன்னோம்.

சரக்கு இல்லை என்ற சமாதானமும் முழு உண்மையல்ல. காஞ்சிக்கு அடுத்த செங்கற்பட்டில் மத்திய சர்க்காரின் ஸ்தாபனமே பல நூறு கோடி ரூபாய் செலவில் கட்டிய தடுப்பூசித் தொழிற்சாலை 2021-ல் ஒரு ஊசியும் உற்பத்தி செய்யாமல் நின்றது. மே 25-ந் தேதி முதல் மந்திரி ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, எங்களிடமாவது கொடுங்கள் என்று டில்லிக்கு எழுதினார். சரக்கைச் செய்யும் இடத்தைச் சும்மா போட்டுவிட்டு, சரக்கில்லை என்று கூலிக்காரியை நிறுத்துவது பித்தலாட்டமல்லவா?

சர்டிபிகேட்டு இல்லாமல் நடக்காது என்றார்களே, அதுவும் பொய்யாயிற்று. 2022 ஜனவரி 10-ந் தேதி முதல் மூன்றாவது ஊசி போட்டபோது, 60 வயதான வியாதியஸ்தர்கள் சர்டிபிகேட்டு காட்டவேண்டியதில்லை என்று அதே சர்க்கார் சொல்லிற்று. பத்து மாதத்துக்கு முன் அவசியமாயிருந்த காகிதம் பிறகு எப்படி அனாவசியமாயிற்று? முதலிலேயே அனாவசியம்தான்.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கார் ஆட்களே வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறோம். ஆகவே யாருக்கு என்ன வியாதி என்பது சர்க்காருக்கே தெரியும். யார் எந்த ஆஸ்பத்திரியில், எந்தத் தெருவில் வேலை செய்கிறார்கள் என்று காண்டிராக்டரிடம் கூலிப் பட்டியல் இருக்கிறது. இந்த இரண்டையும் தொழிலாளியின் சம்மதத்தோடு ஒன்றாகச் சேர்த்து, வேலையின் ஆபத்தையும் உடம்பின் ஆபத்தையும் பார்த்து வரிசை எழுதிவைக்க ஒரு தொற்று நோய் வரும்வரை காத்திருக்கவேண்டுமா?

திருப்பருத்திக்குன்றம் வேதத்தை ஒப்புக்கொள்ளாத சமணர்கள் குடியிருந்து வாதாடிய ஊர். ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற ஊர். அங்குள்ள தோழர்களுக்கு நாம் ஒரு வேலை வைக்கிறோம். அடுத்து வரும் கிராம சபையாயினும் வார்டுக் கூட்டமாயினும், எழுந்து நின்று கேளுங்கள்: காண்டிராக்டில் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளிகள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறது? வருஷத்துக்கு ஒருமுறை அவர்களுடைய உடம்பைப் பரீட்சித்துத் தமிழில் எழுதிய சீட்டு அவர்கள் கையில் கொடுக்கப்படுகிறதா? வியாதி உண்டு என்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கமாட்டோம் என்று காண்டிராக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? கிடைக்கும் பதிலை எழுதி நமக்கு அனுப்புங்கள். பதிலே கிடைக்காவிட்டால் அதையும் எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயரோடு பிரசுரிக்கிறோம்.