கந்தகாட்டுக்கு அனுப்பும் முன்: போதையிலிருந்து மீள்பவரின் உரிமையும் பொறுப்பும்

‘புனர்வாழ்வு’ என்ற சொல்லை மட்டக்களப்பு மக்கள் இரண்டு விதமாக அறிந்திருக்கிறார்கள். 2009க்குப் பின்னர் அது சரணடைந்தவர்கள் தடுத்து வைக்கப்பட்ட முகாம்களைக் குறித்தது. இன்று ஐஸ், ஹெரோயின் பாவனையில் சிக்கிய பிள்ளைகள் அனுப்பப்படும் இடத்தைக் குறிக்கிறது. சொல் மட்டுமல்ல, நிறுவனமும் ஒன்றுதான். முன்னாள் போராளிகளைப் பொறுப்பேற்ற புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகமே பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தகாட்டில் போதைக்கு அடிமையானவர்களுக்கான நிலையத்தையும் நடத்தியது.

2022 ஜூன் இறுதியில் அங்கு தங்கவைக்கப்பட்டிருந்த ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து மூண்ட குழப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். மரணம் தொடர்பாக இராணுவத்தினரும் விமானப்படையினரும் கைது செய்யப்பட்டனர். சிகிச்சை நிலையம் ஒன்றில் நடந்த மரணத்துக்காகப் படையினர் கைதாகிறார்கள் என்றால், அங்கு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டது யார் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

அதே ஆண்டு செப்டெம்பரில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் வெளியானது. போதைக்கு அடிமையானவர்களோடு முன்னாள் போராளிகளையும் வன்முறைத் தீவிரவாதக் குழுக்களையும் அது ஒரே பட்டியலில் சேர்த்திருந்தது. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் கண்டது. அந்தப் பிரிவினரை நீக்கித் திருத்திய பின்னர், 2023 ஜனவரியில் அது 2ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. போராளிகள் பட்டியலிலிருந்து வெளியேறினார்கள். போதை நோயாளிகள் உள்ளேயே இருக்கிறார்கள்.

கட்டாய சிகிச்சைக்கு 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டமும் வழி செய்கிறது. வைத்திய அறிக்கையின் அடிப்படையில் நீதவான் ஒருவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கைதானபோது ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் கவலை வெளியிட்டது. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுமாறு 12 ஐ.நா. அமைப்புகள் 2012இலேயே கேட்டிருந்தன.

நோயாளியை ஊரிலிருந்து அகற்றி அடைத்து வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளர்களை அங்கு தனிமைப்படுத்தியதும் சிகிச்சை என்ற பெயரில்தான். தொழுநோயைக் குணப்படுத்தியது மருந்து, தீவல்ல.

பிள்ளை வீட்டுப் பொருட்களை விற்றுவிட்டு, கேட்ட தாய்க்குக் கை ஓங்கும்போது, ‘எங்கேயாவது கொண்டுபோய் விடுங்கோ’ என்று அவள் சொல்வது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் ஒப்படைக்கும் முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். வைத்தியர் இருக்கிறாரா? போதையை நிறுத்தும்போது வரும் உடல் உபாதைக்கு மருந்து கிடைக்குமா? என்ன சிகிச்சை, எத்தனை நாள் என்று நோயாளிக்குச் சொல்லப்படுமா? குடும்பத்தவர் பார்க்கலாமா? நிலையம் அனுமதி பெற்றதா? அடிப்பது சிகிச்சையல்ல. சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்தையையும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை முற்றாகத் தடை செய்கிறது. போதைக்கு அடிமையானவருக்கு அதில் விதிவிலக்கு இல்லை.

நோயாளிக்கும் பொறுப்பு உண்டு. எதை, எவ்வளவு பாவித்தேன் என்பதை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது. மறைத்தால் கொடுக்கும் மருந்தே ஆபத்தாகலாம். உள்ளே போதைப்பொருளைக் கொண்டுவரக்கூடாது. உடனிருப்பவர் சொன்ன கதையை வெளியே பேசக்கூடாது. வீடு திரும்பிய பின்னரும் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஆனால் இந்தப் பொறுப்புகளில் ஒருவர் தவறினால் அவருடைய உரிமைகள் ரத்தாவதில்லை. மீண்டும் பாவிப்பது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. அதற்குப் பதில் தண்டனையல்ல, மறுபடியும் சிகிச்சை.

உரிமை மீறப்பட்டால் காலம் முக்கியம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

ஒப்படைத்த பிள்ளைகள் திரும்பி வராத வீடுகள் இந்த வாவிக்கரையில் ஏற்கனவே இருக்கின்றன. ஆகவே, ‘எங்கே கொண்டு போகிறீர்கள், எப்போது பார்க்கலாம்’ என்று கேட்பது சந்தேகப் புத்தியல்ல. அது எங்கள் அனுபவம் கற்றுத்தந்த கேள்வி. அதற்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்.