செத்த பிறகு ஒரு மாலை

திண்டிவனத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நல்ல புத்தகம், நல்ல சினிமா என்று எது கிடைத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புவார். நானும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்விடுவேன். அப்படித்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து 'செல்லுலாய்ட்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்தேன். கமல் என்ற மலையாள டைரக்டர் எடுத்து 2013-ல் வெளிவந்த படம். கேரளத்தின் முதல் திரைப்படத்தை எடுத்து, சொத்தெல்லாம் தோற்று, முதுமையில் யாரும் சீந்தாமல் கிடந்து இறந்துபோன ஜே. சி. டேனியலின் கதை.

படம் முடிந்தபோது நண்பர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார். நான் மட்டும் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலையா?" என்றார் நண்பர்.

"படம் நல்லாத்தான் இருக்கு, சார்."

"நல்லாத்தான் இருக்கா! கதை எழுதறவங்களுக்கெல்லாம் மனசு மரத்துப் போயிடும் போலிருக்கு!"

அந்தக் கோபத்துக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காபி ஆறிப்போயிருக்கும். இப்போது சொல்கிறேன். அந்தக் கண்ணீர் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. அது பாவத்தைக் கழுவும் கண்ணீர். கழுவிவிட்டால் பிறகு பாவம் செய்தவன் யார் என்பதே மறந்துபோகும்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேனியல் 1900-ல் பிறந்தவர். குடும்பத்தின் வேர் கன்னியாகுமரிப் பக்கத்து அகஸ்தீசுவரம். களரிப் பயிற்சியில் மோகம் கொண்ட வாலிபர். அந்த வித்தையை உலகுக்குக் காட்டச் சினிமாவே சரியான வழி என்று நினைத்தார். சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்த் தொழில் கற்றார். நிலத்தை விற்று ஏறக்குறைய நான்கு லட்ச ரூபாய் திரட்டினார் என்கிறார்கள். அந்தக் காலத்து நான்கு லட்சம்! 1926-ல் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ கட்டினார். 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தைத் தாமே எழுதி, தாமே படம்பிடித்து, தாமே கதாநாயகனாக நடித்து, தாமே டைரக்ட் செய்தார். நாடு முழுவதும் புராணப் படமாக எடுத்துத் தள்ளிய நாளில் சமூகக் கதையை எடுத்த துணிச்சல்காரர். படம் திரைக்கு வந்தது 1928 என்பார் ஒரு சாரார். 1930 என்பார் இன்னொரு சாரார். எந்த வருஷமானாலும் முடிவு ஒன்றுதான். முதலீடு போயிற்று, ஸ்டூடியோ போயிற்று, கருவிகள் விலையாயின. டேனியல் பல் வைத்தியரானார். கடைசியில் அகஸ்தீசுவரத்தில் 1975-ல் கண்ணை மூடினார்.

அவர் எடுத்த ஒரே படம் இன்று இல்லை. சிறுவனாக இருந்தபோது அந்தச் சுருள்களுக்குத் தீ வைத்து வேடிக்கை பார்த்தது தான்தான் என்று அவருடைய மகனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதை உருக்கமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். நடிப்பிலும் குறை சொல்ல முடியாது. தேசிய விருது கிடைத்தது, மாநில விருதுகள் குவிந்தன. என் புகார் வேறு. இந்த மாதிரிப் படங்கள் நமக்கு ஒரு வில்லனைக் கொடுத்துவிடுகின்றன. டேனியலுக்காகச் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் வருஷக்கணக்காக அலைந்தார். அவர் மட்டும் இல்லையென்றால் இன்று நமக்கு டேனியல் என்ற பெயரே தெரிந்திராது. அவர் தட்டிய அரசாங்கக் கதவுகள் திறக்கவில்லை. அதற்குக் காரணமானவர்கள் என்று ஒரு முன்னாள் முதலமைச்சரையும், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஒரு பெரிய நாவலாசிரியரையும் படம் குறிப்பாகக் காட்டுகிறது என்று சொல்லிக் கேரளத்தில் பெரிய சண்டையே நடந்தது. அவர்கள் தப்பு செய்தார்களா இல்லையா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வில்லன் கிடைத்தவுடன் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நமக்கெல்லாம் விடுதலை கிடைத்துவிடுகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன். 'பாவிகள், ஒரு பென்ஷன் கொடுத்திருக்கக் கூடாதா?' என்று பல்லைக் கடிக்கிறோம். நம் கை சுத்தமாகிவிடுகிறது.

உண்மையில் டேனியலை முதலில் தோற்கடித்தவர் யார்? மந்திரியா? அதிகாரியா? இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்த ஜனங்கள்! ரோஸி என்ற பெண், அந்தக் காலம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்த புலையர் சமூகத்தில் பிறந்தவர், திரையில் நாயர் பெண்ணாக வந்தார். அதைப் பொறுக்காமல் கல்லெடுத்து எறிந்து திரையைக் கிழித்தது ரசிகர் கூட்டம். கௌரவமான குடும்பத்து ஆண்கள், உங்களையும் என்னையும் போல. ரோஸியைத் தம் படத்தின் முதல் காட்சிக்கே வரவிடவில்லை. அவர் குடிசையையும் கொளுத்தினார்கள் என்கிறார்கள். அவர் தப்பியோடி, நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில், தமிழ்ப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார் என்று சொல்லப்படுகிறது.

டேனியலை மறந்தார்கள் என்று அழுகிறோமே, ரோஸியை மறக்கவா செய்தார்கள்? துரத்தினார்கள். மறப்பது வேறு, துரத்துவது வேறு. டேனியலின் முகமாவது புகைப்படத்தில் மிஞ்சிற்று. ஊரில் தம் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள அவரால் முடிந்தது. ரோஸிக்கு அந்தப் பெயரும் மிஞ்சவில்லை. 'செல்லுலாய்ட்' ரோஸியை விட்டுவிடவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கதை டேனியலின் கதைதான்; அழுகையும் கடைசியில் அவருக்கே போய்ச் சேருகிறது.

'இதெல்லாம் மலையாளத்தான் சங்கதி, நமக்கென்ன?' என்று சிலர் கேட்கக்கூடும். நமக்குத்தான் ரொம்ப இருக்கிறது. 1956-ல் எல்லை பிரித்தபோது அகஸ்தீசுவரம் எந்தப் பக்கம் வந்தது? நம் பக்கம்! டேனியல் பென்ஷன் கேட்டபோது, 'நீர் தமிழ்நாட்டில் இருப்பவர், அங்கே கேளும்' என்ற வகையில் கேரளம் கைவிரித்தது. ஊமைப்படத்துக்கு மொழி ஏது, அது எப்படி மலையாளத்தின் முதல் படமாகும் என்று கேட்ட மேதாவிகளும் உண்டு. சரி, அவர்கள் தள்ளிவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்டோமா? பத்தொன்பது வருஷம் ஒரு முன்னோடிக் கலைஞர் நம் மாகாணத்துப் பிரஜையாக, பல் பிடுங்கிப் பிழைத்துக்கொண்டு, நம் மண்ணில் உட்கார்ந்திருந்தார். சினிமாவைத் தலையில் வைத்துக் கூத்தாடிய நாடு இது. அவர் வீட்டு வாசலுக்கு நம்மில் எத்தனை பேர் போனோம்?

அவராவது எல்லைக்கோட்டில் இருந்தவர். நம் தென்னார்க்காட்டுக்கு அடுத்த வடஆர்க்காட்டுக்காரர் ஒருவர் இருந்தார். வேலூர் ஆர். நடராஜ முதலியார். மோட்டார் சாமான் வியாபாரத்திலிருந்து வந்து, வெள்ளைக்காரரிடம் காமிரா கற்று, 1918-ஐ ஒட்டிச் சென்னையில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னாட்டின் முதல் கதைப்படம் அது. கொஞ்ச காலத்தில் மகனைத் தீ விபத்தில் பறிகொடுத்துத் தொழிலை விட்டார். அதற்குப் பிறகு 1970-களின் தொடக்கம் வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு உயிரோடு இருந்தார். அவர் எடுத்த படம் ஒன்றுகூட இன்று இல்லை. 1931-ல் வந்த நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' கூட இல்லை. பழைய பிலிமிலிருந்து வெள்ளி எடுத்தார்கள், மிச்சத்தில் வளையல் செய்தார்கள். நம் பாட்டிமார் கையில் குலுங்கிய வளையலில் எந்தப் படத்தின் எந்தக் காட்சி இருந்ததோ, யார் கண்டார்கள்?

இனி எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். 'சினிமா சூதாட்டம். நிலத்தை விற்று வா என்று டேனியலுக்கு யாராவது தாம்பூலம் வைத்தார்களா? தோற்றவனுக்கெல்லாம் அரசாங்கம் மானியம் கொடுக்க முடியுமா?' நியாயமான கேள்விதான். நான் மானியம் கேட்கவில்லை. கேளிக்கை வரி என்று எத்தனை வருஷம் வசூலித்தார்கள்! அந்தப் பணம் விளைந்த வயலை முதலில் உழுதவன் யார்? உழுதவனுக்குக் கூலி கேட்பது பிச்சையாகுமா? உலகம் முழுவதும் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது.

பிரான்ஸில் மெலியேஸ் என்று ஒருவர் இருந்தார். 1902-ல் சந்திரனுக்குப் போகும் படம் எடுத்தவர். ஏறக்குறைய ஐந்நூறு படம் எடுத்தும் திவாலாகி, தம் நெகட்டிவ்களைத் தாமே கொளுத்திவிட்டு, பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில் பொம்மைக் கடை வைத்தார். அவருடைய கதையை வைத்துத்தான் ஸ்கார்செஸி 2011-ல் 'ஹ்யூகோ' எடுத்தார். அங்கேயும் மறந்தார்கள், ஆனால் உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடித்தார்கள். 1931-ல் நாட்டின் உயர்ந்த விருதைக் கொடுத்தார்கள். 1932-ல் வயதான சினிமாக்காரர்களுக்கென்று இருந்த இல்லத்தில் அவருக்கும் மனைவிக்கும் இடம் கொடுத்தார்கள். 1938-ல் இறக்கும்வரை கூரையும் சோறும் கவலையில்லாமல் கிடைத்தன.

நம் கணக்கையும் பார்ப்போம். 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த பால்கே 1944-ல் நாசிக்கில் இறந்தார். அவர் பெயரால் விருது 1969-ல். இருபத்தைந்து வருஷம் கழித்து! டேனியல் இறந்தது 1975, அவர் பெயரால் கேரள அரசின் விருது 1992. பதினேழு வருஷம். முன்னேற்றம்தான்! இந்த வேகத்தில் போனால், என்றைக்காவது ஒரு நாள் உயிரோடு இருக்கும் மனிதருக்கே கொடுத்துவிடுவோம் போலிருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டேன். வாசகர்கள் என்னைப் பெரிய நீதிமான் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு நான் விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த காலம். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடைக்கு ஒரு பெரியவர் வருவார். கையில் ரெக்ஸின் பை. அதற்குள் பழுப்பேறிய ஸ்டில் போட்டோக்கள், ஒரு பாட்டுப் புத்தகம். கோடம்பாக்கத்தில் உதவி டைரக்டராக இருந்து, கடைசியில் ஒரு படம் டைரக்ட் செய்தவர். படம் வெளிவரவில்லை. "பெட்டியிலேயே தூங்குது, தம்பி. என்னைக்காவது எழுந்திருக்கும்" என்பார். சாயங்காலம் சாயங்காலமாக அவர் கதையைக் கேட்டேன். டீக்குக் காசு பெரும்பாலும் அவர்தான் கொடுத்தார்.

அதைச் சிறுகதையாக எழுதினேன். பத்திரிகையில் வந்தது. சன்மானம் எழுநூற்றைம்பது ரூபாய். பாராட்டிக் கடிதங்கள் வந்தன; 'படித்து அழுதோம்' என்று எழுதியிருந்தார்கள். அந்த இதழில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நாலைந்து மாதம் கழித்துப் போனபோது டீக்கடைக்காரர் சொன்னார்:

"அவரா? போய்ச் சேர்ந்துட்டாரே சார். நீங்க எழுதின கதையை யாரோ கொண்டாந்து காட்டினாங்க. இதே பெஞ்சுல உக்காந்து ரெண்டு தடவ படிச்சாரு. 'கடைசியில என்னைக் கொன்னுட்டானேய்யா'ன்னு சிரிச்சாரு."

ஆமாம், கதையின் முடிவில் அவரைக் கொன்றிருந்தேன். கதைக்கு அது வேண்டியிருந்தது. உயிரோடு டீ குடித்துக்கொண்டிருக்கும் மனிதருக்காக யார் அழுவார்கள்? அநாதையாகச் செத்தால்தான் கடிதம் வரும். என் கதைக்கு வேண்டியிருந்த அதே சாவுதான் இந்தப் படங்களுக்கும் வேண்டியிருக்கிறது. புறக்கணிப்பு இல்லையென்றால் கதை இல்லை. ஆகவே புறக்கணிப்பு முற்றிப் பழுக்கும்வரை காத்திருந்து, பிறகு பறித்து விற்கிறோம். டேனியல் கதையில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் நாவலாசிரியர் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. என் ஜாதிதானே!

அந்தப் பெரியவரின் பெட்டி எந்த லாபரட்டரியில் இருந்தது என்று நான் கேட்டிருக்கலாம். புனாவில் 1964 முதல் மத்திய அரசின் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பதில் வந்திருக்குமோ வராதோ, ஒரு கார்டு செலவோடு போயிருக்கும். அதைச் செய்யாமல் கதை எழுதினேன்.

திண்டிவனத்து நண்பருக்கு இதையெல்லாம் போன வாரம் டெலிபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்போ நாங்க அழுதது தப்புங்கிறீங்களா?" என்றார்.

"தப்பில்லை, சார். அழுதுட்டு எழுந்து வாசலுக்கு வந்து பாருங்க. உங்க தெருவிலேயே டூரிங் டாக்கீஸ்ல ஆப்பரேட்டரா இருந்தவர் ஒருத்தர் இருக்காரு, நாடகக் கம்பெனியில ஆர்மோனியம் போட்டவர் ஒருத்தர் இருக்காரு. உயிரோட இருக்காங்க. சாப்பிட்டாங்களான்னு கேளுங்க. பெட்டியில என்ன வச்சிருக்காங்கன்னு கேளுங்க. அப்புறம் சினிமா பாக்கலாம்."

நண்பர் பதில் சொல்லாமல் டெலிபோனை வைத்துவிட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். நேற்றுக் காலையில் அவரே கூப்பிட்டார்.

"ஆர்மோனியக்காரரைப் போய்ப் பார்த்தேங்க. அவர்கிட்ட பழைய நாடக நோட்டு நாலு இருக்கு. கரையான் அரிக்க ஆரம்பிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க, ரெண்டு பேருமா உக்காந்து காப்பி எடுத்துடலாம்."

போகிறேன். இந்தத் தடவை கதை எழுதுவதாக இல்லை.