புரை நீங்கியும் மங்கல் நீங்கவில்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. வலியோ சிவப்போ இல்லை. முன்னைவிட வெளிச்சமாகத் தெரிகிறது என்கிறார். ஆனால் டிப்போவில் நிற்கும் பஸ்ஸின் எண்ணையும், பூச்சிமருந்து பாட்டிலில் உள்ள எழுத்தையும் படிக்க முடியவில்லை. ஆபரேஷன் வீணாகிவிட்டதா?
– வாசகர், ஐயப்பன்தாங்கல்.

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். புரையை எடுப்பது ஒரு வேலை. மிச்சமிருக்கும் பவரைக் கண்ணாடியால் சரிசெய்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை பாக்கி இருக்கலாம்.

கிணற்றின் ஆழம் பார்த்து மோட்டாரின் குதிரைத்திறனை முடிவு செய்வதுபோல, கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்துதான் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுகிறார்கள். பெரியவர்களுக்குக் கண்ணின் நீளம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் பிசகினாலே பவர் இரண்டரை முதல் மூன்று வரை மாறிவிடும். அளவு சரியாக இருந்தாலும், லென்ஸ் உள்ளே அமரும் இடம் ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும். காயம் ஆறும்போது கருவிழியின் வளைவு மாறி, 'சிலிண்டர் பவர்' வருவதும் உண்டு.

கிட்டப் பார்வை வேறு விஷயம். வழக்கமாக வைக்கும் லென்ஸ் தூரப் பார்வைக்கு ஏற்றது. அதனால் பாட்டில் எழுத்தைப் படிக்கப் பெரும்பாலோருக்குக் கண்ணாடி தேவைப்படும். லென்ஸ் வைக்காத அந்தக் காலத்தில் எல்லோரும் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டார்கள். இப்போது மெல்லிய கண்ணாடியே போதும்.

ஆறு வாரம் ஆகிவிட்டதால் இதுவே பவர் பார்க்க ஏற்ற நேரம். ஆபரேஷன் செய்த இடத்துக்கே சீட்டுடன் போவது நல்லது. அது தூரம் என்றால், பக்கத்தில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சிறு துளை வழியே படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அதில் எழுத்து தெளிந்தால், பெரும்பாலும் கண்ணாடியிலேயே சரியாகிவிடும். தெளியாவிட்டால் விழித்திரையையும் கண் நரம்பையும் சோதிப்பார்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சந்தையில் விற்கும் ரெடிமேடு கண்ணாடி வேண்டாம். அதில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான். சிலிண்டர் பவரும் இருக்காது. கண்ணாடி வரும்வரை மருந்து அளக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும்.

சில மாதமோ வருடமோ கழித்து மறுபடி மங்கினால், லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு தடித்திருக்கலாம். அதை லேசரில் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். வலி, சிவப்பு, திடீர் மங்கல், கண்முன் மின்னல் போலத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.